முட்டுச்சந்தை எண்ணும், பூட்டிய கேட்டைப் பார்க்காது: ஓஎஸ்எம்என்எக்ஸ் மதிப்பீடு

பின்சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நேர்க்கோட்டில் 150 மீட்டர். குறுக்குச் சந்து இல்லாததால் மெயின் ரோட்டைச் சுற்றி 900 மீட்டர் நடக்க வேண்டும் என்று வையுங்கள். ஆறு மடங்கு சுற்று. இந்தச் சுற்றை ஒரு பேட்டை முழுவதற்கும் கணக்கிட உதவும், பைத்தான் நிரல்மொழிக்கான நூலகம்தான் ஓஎஸ்எம்என்எக்ஸ். ஜெஃப் போயிங் உருவாக்கியது, 2017-இல் ஆய்விதழ் வழியாக அறிமுகமானது, முற்றிலும் இலவசம். தெருத் தரவை, யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். வாக் ஸ்கோர் போலக் கடைகண்ணி எவ்வளவு பக்கம் என்று பார்த்து 100-க்கு மார்க் போடாது. தெருக்களின் அமைப்பை மட்டும் அளக்கும். நம் ஊர்களுக்கு அதுவே தோது. வரைபடத்தில் பாதிக் கடைகள் இருக்காது, தெருக்கள் பெரும்பாலும் இருக்கும்.

கோண்டா-ஃபோர்ஜ் என்ற மென்பொருள் களஞ்சியம் வழியாக நிறுவினால் தொல்லை குறைவு. ஊர்ப்பெயரைக் கொடுத்தாலே வரைபடம் இறங்கும் வசதி பார்க்க அழகு, ஆனால் பேட்டைப் பெயர்களில் அடிக்கடி பிழை காட்டி நின்றுவிடும். நம் பேட்டைகள் பலவும் வரைபடத்தில் எல்லைக்கோடு இல்லாமல் வெறும் புள்ளியாகக் குறிக்கப்பட்டிருப்பதே காரணம். 'கிராஃப் ஃப்ரம் பாயிண்ட்' கட்டளையில் மையப்புள்ளியும் 1,500 மீட்டர் தூரமும் கொடுங்கள். வட்டம் வராது, 3 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம் வரும், அதாவது 9 சதுர கிலோமீட்டர். உங்களுக்கு வேண்டியது 1,000 மீட்டர்தான் என்றாலும் கூடுதலாகவே இறக்குங்கள். எல்லையை ஒட்டிய வீட்டிலிருந்து கிளம்பும் வழி சற்று வெளியே போய்த் திரும்பக்கூடும். அதை வெட்டிவிட்டால் இல்லாத சுற்று கணக்கில் ஏறும்.

இனி முக்கியமான கோளாறு. இயல்பு அமைப்பில் இந்தக் கருவி, ஒன்றோடொன்று இணைந்த மிகப் பெரிய தெருக்கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, துண்டாகக் கிடப்பவற்றைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். இணைப்பை அளக்க வந்தவருக்கு இதைவிடப் பெரிய குழி இல்லை: தேடி வந்ததே துண்டிக்கப்பட்ட தெருக்களைத்தான். 'ரீட்டெய்ன் ஆல்' என்பதை 'ட்ரூ' என்று மாற்றி, எத்தனை துண்டு வருகிறது என்று முதலில் பாருங்கள். அவற்றில் சில நிஜத் துண்டிப்பு. சில, வரைந்தவர் இரண்டு தெருக்களை ஒரே புள்ளியில் சேர்க்காமல் விட்ட பிழை. செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, பிழையானவற்றை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே திருத்திவிட்டு மறுபடி இறக்குங்கள்.

அடுத்தது சந்திப்புகளின் எண்ணிக்கை. நடுவில் தடுப்பு வைத்த இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் ஒரே சந்திப்பு, வரைபடத்தில் நான்கு புள்ளிகளாக இருக்கும். 'கன்சாலிடேட் இன்டர்செக்‌ஷன்ஸ்' அவற்றை ஒன்றாக்கும். அதற்கு முன் வரைபடத்தை மீட்டர் அளவுக்கு மாற்றியாக வேண்டும். 'ப்ராஜெக்ட் கிராஃப்' பொருத்தமான யுடிஎம் மண்டலத்தை (பூமியை மீட்டரில் அளக்கப் பிரித்த பட்டைகளில் ஒன்று) தானே எடுத்துக்கொள்ளும் (சென்னை, மதுரைக்கு 44, கோவைக்கு 43). ஒன்றாக்கும் கட்டளையில் 'டாலரன்ஸ்' என்று கொடுக்கும் 10, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வரையும் ஆரம், மீட்டரில். ஆகவே 20 மீட்டர் இடைவெளி வரை ஒட்டிக்கொள்ளும். கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களில் 15 கொடுத்தால் உண்மையிலேயே தனித்தனியான இரண்டு சந்துமுனைகள் ஒன்றாகிவிடும்.

'சர்க்யூட்டி' என்ற எண்ணைச் சுற்று வழியின் அளவு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது அதுவல்ல. ஒவ்வொரு தெருத்துண்டும் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. முழுக்க முட்டுச்சந்தான லே-அவுட்டிலும் தெருக்கள் நேராக இருந்தால் அது 1-ஐ ஒட்டியே நிற்கும். உண்மையான சுற்று வேண்டுமானால் வீடு, பள்ளி என ஜோடிகளை எடுத்து, தெருவழியாகப் போகும் மிகக் குறைந்த தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். நெருக்கமான சதுரக்கட்டத் தெருக்களிலேயே சராசரி சுமார் 1.27 வரும், உச்சம் 1.41. அதற்கு மேல் ஏற ஏற இணைப்பு மோசம்.

நடைப்பரப்புக்கும், அதாவது ஓரிடத்திலிருந்து நடந்து எட்டக்கூடிய பரப்புக்கும், இதே தர்க்கம். 400 மீட்டர், ஐந்து நிமிட நடை. அந்த ஆரத்தில் வட்டம் சுமார் 50 ஹெக்டேர். கச்சிதமான சதுரக்கட்டத்தில்கூட நடந்து எட்டக்கூடியது 32 ஹெக்டேர்தான், 64 சதவீதம். எனவே 60 சதவீதம் கிடைத்தால் குறைப்பட வேண்டாம், அது நல்ல மதிப்பெண். 90 வந்தால் கணக்கைச் சந்தேகப்படுங்கள்: எட்டிய புள்ளிகளைச் சுற்றி வெளிக்கோடு இழுத்து, நடுவில் கிடக்கும் ஏரியையும் ரயில்வே யார்டையும் சேர்த்திருப்பீர்கள். எட்டிய தெருக்களுக்கு இருபுறமும் 25 மீட்டர் பட்டை போட்டு அளப்பது மேல்.

சைக்கிளுக்கு இந்தக் கருவி பாதி வேலைதான் செய்யும். ஒருவழிப் பாதையை மதிக்கிறது, படிக்கட்டைத் தவிர்க்கிறது. ஆனால் பேருந்தும் லாரியும் உரசிப்போகும் சாலையும் உள்தெருவும் அதற்கு ஒன்றே. 2012-இல் மெக்குரியா, ஃபர்த், நிக்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் சான் ஹோசே நகரத்துக்காக வகுத்த, போக்குவரத்து சைக்கிளோட்டிக்குத் தரும் அழுத்தத்தை அளக்கும் நான்குபடி அளவுகோலை நாமே மேலே பொருத்த வேண்டும். அதற்கு வேக வரம்பும் தட எண்ணிக்கையும் தேவை; நம் ஊர்த் தரவில் அவை பெரும்பாலும் காலி. எளிய மாற்று: 'டிரங்க்', 'பிரைமரி', 'செகண்டரி' வகைச் சாலைகளை நீக்கிவிட்டு, மிச்சம் எத்தனை தீவுகளாக உடைகிறது என்று எண்ணுங்கள். பத்து வயதுப் பிள்ளை தனியாக ஓட்டிப்போகும் எல்லை ஏறக்குறைய அந்தத் தீவுதான்.

கேட் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். தெருவின் குறுக்கே வரைந்திருக்கும் கேட் புள்ளியை இது கண்டுகொள்ளாது. அடுக்குமாடி வளாகத்தின் உள்தெரு 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருந்தால், நடை அல்லது சைக்கிள் வகையில் இறக்கும்போது மொத்தமாக மறையும். குறிக்கப்படாவிட்டால், காவலாளி மறிக்கும் வழி பொதுவழியாகக் கணக்கில் ஏறும்.

பைத்தான் வேண்டாம் என்பவர்களுக்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் 'சர்வீஸ் ஏரியா' கருவி நடைப்பரப்பு வரை போதும். முட்டுச்சந்தை எண்ண மட்டும் இங்கேதான் வர வேண்டியிருக்கும்.