மேட்டில் கார் கிளம்ப எது நல்லது: வெட்டிய ஸ்பிரிங்கா, தாழ்வு ஸ்பிரிங்கா, கொயிலோவரா?

காரைத் தாழ்த்தினால் பின்பக்கம் பாரம் குறைந்து சில்லு சும்மா சுழலும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்சில்லு இழுவைக் காரான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு முன், பின் அச்சுகளுக்கு இடையே 2,265 மி.மீ. எடையை 1,000 கிலோ, ஈர்ப்பு மையத்தை 500 மி.மீ. உயரம் என்று வைத்தால், 0.5 ஜி (ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி) இழுவையில் 110 கிலோ பின்னுக்குப் போகும். 30 மி.மீ. இறக்கினால் 104 கிலோ. அவ்வளவுதான் வித்தியாசம். நுவரெலியாப் பக்கத்துப் பத்துக்கு ஒன்று ஏற்றமே 22 கிலோவைப் பின்னுக்குத் தந்துவிடும்.

பிடியைக் கெடுப்பது பம்ப் ஸ்டொப், அதாவது பின்பக்கம் அளவுக்கு மீறி அமராமல் தடுக்கும் ரப்பர். கிளம்பும்போது பின்பக்கம் அமரும். அமர இடமில்லாவிட்டால் ரப்பரில் முட்டி, ஸ்பிரிங் திடீரென்று கல்லாகிவிடும். பனி நனைத்த தாரில் அந்த நொடியே டயர் வழுக்கும்.

வெட்டிய ஸ்பிரிங் மலிவு, ஆனால் மூன்றிலும் மோசம். வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 வீதம் ஏறும். இறங்கிய உயரத்துக்கு அது போதாது. பள்ளத்தில் சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

25 மி.மீ. தாழ்வு ஸ்பிரிங் சாலைக்குப் போதும். பழைய ஷொக்கோடு (அதிர்வுதாங்கி) போட்டால் ஷொக் சீக்கிரம் ஓயும்.

கொயிலோவர் என்பது ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய தொகுதி. அதில் கீழ்க்கூட்டைத் திருகி உயரம் மாற்றும் வகையை வாங்குங்கள். ஷொக்கின் ஓட்டம் குறையாது. ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்கும் வகையில் காசுதான் கூட, குறை பழையதுதான். ஈரத்தில் பின் ஷொக்கை இரண்டு மூன்று கிளிக் தளர்த்துங்கள்.

ஹொண்டா சிவிக் போன்ற முன்சில்லு இழுவைக்கு இந்தக் கணக்கு தலைகீழ்: தாழ்த்தினால் ஆறு கிலோ லாபம், ஏற்றம் அதைத் தின்றுவிடும். கொண்டையூசி வளைவில் கிளம்பினால் உட்சில்லு பாரமிழந்து சுழலும். அங்கே ஸ்பிரிங்கை விட எல்எஸ்டிக்கு (ஒரு சில்லு மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) செலவழிப்பதே புத்தி.

எதைப் போட்டாலும் ஷொக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கி, கூட்டோடு ஒட்டவிட்டு, ஒருமுறை கிளம்பிப் பாருங்கள். டை பம்ப் ஸ்டொப் வரை ஏறியிருந்தால் 10 மி.மீ. உயர்த்துங்கள். பின் கெம்பர் (சில்லின் பக்கச் சாய்வு) −2 பாகையைத் தாண்டினால் டயரின் உள்விளிம்புதான் இழுக்கும்; அலைன்மென்ட் கட்டாயம். ஆர்ம் புஷ் (சில்லைத் தாங்கும் கையின் மூட்டு ரப்பர்) போல்ட்டுகளைச் சில்லு தரையில் ஊன்றிய பிறகே இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.