“வரி கட்டாத சம்பளம் கணக்கில்லை” என்ற ஒரு சொல்லால் 2,050 பவுண் கடன்

கிழக்கு லண்டனில் இருக்கிற எங்கட சனத்துக்காக இதை எழுதுகிறேன். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தந்த டக்ஸ் கிரெடிட் என்ற உதவிக்காசு 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஆனால் கூடத் தந்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கோ என்று அவர்கள் கேட்கிற பழைய கடன் முடியவில்லை. அது, டக்ஸ் கிரெடிட்டுக்குப் பதிலாக வந்த யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற்றப்பட்டு, பலருக்கு இன்றைக்கும் அதிலிருந்து மாதாமாதம் கழிபடுகிறது. எங்களுக்குப் படிவம் நிரப்பித் தந்த அதே ஆள், அதே கதிரையில் இருந்து இப்போது யூனிவர்சல் கிரெடிட்டும் பார்க்கிறாராம். போன கிழமை கேள்விப்பட்டதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை.

2016 யூலை. என் புருசனுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் முழுநேர வேலை. முந்தின வருசத்து வருமானம் 17,000 பவுண். பிள்ளைகள் இரண்டு பேர். அந்த ஏப்ரலில்தான் நான் ஒரு முதியோர் இல்லத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை தொடங்கியிருந்தேன். மணித்தியாலத்துக்கு 7.20, அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம். வருசம் முடிய 7,500 வரும் என்று நானே விரல்விட்டுக் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன்.

டக்ஸ் கிரெடிட்டைப் புதுப்பிக்கிற படிவம் யூலை 31க்குள் போகவேண்டும். தெரிந்த அண்ணை ஒருவர் சொல்லி, ஒரு சீலைக்கடைக்கு மேலே இருந்த அறைக்குப் போனோம். என்னுடைய மூன்று சம்பளத் துண்டுகளையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுபோனேன். அங்கே படிவம் நிரப்புகிற அந்த ஆள் ஒன்றை எடுத்துப் பார்த்து, வரி என்ற இடத்தில் ஒன்றும் கழிபடவில்லை என்று விரலால் காட்டினார். “தங்கச்சி, நீங்கள் வரி கட்டேல்லைத்தானே, இது கணக்கில வராது. உள்ள வையுங்கோ” என்று பையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

“அண்ணை, வருமானம் 2,500க்கு மேல கூடினால் சொல்லச்சொல்லி இதில எழுதிக்கிடக்கு” என்று படிவத்தோடு வந்த குறிப்பைக் காட்டிக் கேட்டேன். “அது பெரிய சம்பளக்காரருக்கு” என்றார். 40 பவுண் வாங்கினார், ரசீது தரவில்லை. நானும் இவரும் கையெழுத்து வைத்தோம். அவருடைய பெயர் அந்தப் படிவத்தில் ஓரிடத்திலும் இல்லை.

அவர் சொன்னது முழுப் பொய். டக்ஸ் கிரெடிட்டுக்குப் பார்த்தது வரி கழிக்க முந்திய மொத்தச் சம்பளம், அதுவும் புருசன் பெண்சாதி இரண்டு பேரினதும் சேர்த்து. வரி கட்டினோமா இல்லையா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. கழிக்கக்கூடியது வேறு: ஓய்வூதியத்துக்குக் கட்டின காசைக் கழிக்கலாம். பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற பிள்ளைக்காசு வருமானத்தில் சேராது. இதையெல்லாம் பிறகு இலவச ஆலோசனை நிலையத்தில் ஒரு பிள்ளை பொறுமையாக இருந்து சொல்லித் தந்தா. அதே விசயத்துக்குத்தான் நாங்கள் 40 பவுண் கொடுத்துப் பொய் வாங்கினோம்.

அடுத்த வருசம் முழு வருசச் சம்பளத்தைக் காட்டுகிற பி60 துண்டுகள் வந்தன. இரண்டு பேரினதும் சேர்த்து 24,500. கூடினது 7,500, அதில் முதல் 2,500ஐ விட்டுவிடுவார்கள். மிச்சம் 5,000க்கு, பவுணுக்கு 41 பென்ஸ் வீதம் 2,050 பவுண் எங்களுக்குக் கூடத் தந்துவிட்டதாகக் கடிதம். கிழமைக்கு ஏறக்குறைய 126 பவுண் வந்துகொண்டிருந்தது. புது வருமானத்துக்கு அது 67 ஆனது. வருமானம் 20,000க்கு மேல் என்றால் கடனுக்கு அதிலும் பாதிவரை வெட்டலாம் என்று 2016இல் சட்டம் மாற்றியிருந்தார்கள். வெட்டினார்கள். கையில் வந்தது 33. அந்தச் செப்டெம்பரில் சின்னவனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க என் தங்கச்சியிடம் கடன் கேட்டேன்.

முறையிட்டும் பார்த்தோம். பிழை வரித் திணைக்களத்தின் பக்கம் இருந்தால்தான் கடனை விடுவார்கள். ஆள் வைத்து நிரப்பினாலும் கையெழுத்து எங்களுடையது. கடனும் இரண்டு பேர் தலையிலும்தான். நான் திரும்ப அந்த அறைக்குப் போய்க் கேட்டேன். “நீங்கள் சொன்னதைத்தானே எழுதினனான்” என்றார். நான் சொன்னதை, அவர் எழுதினாராம்! அந்தப் பொலித்தீன் பை அப்போதும் என் கையில் இருந்தது.

இப்போது ஏன் பயப்படுகிறேன் என்றால், யூனிவர்சல் கிரெடிட்டில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் கணக்கு முதலாளியிடம் இருந்து தானாகவே போகிறது. சொந்தத் தொழில் செய்கிறவர்கள், மினிகாப் ஓடுகிறவர்கள், வீட்டில் தையல் தைக்கிறவர்கள் மாதாமாதம் தாங்களே வரவு செலவைக் கொடுக்கவேண்டும். இவர்களைத்தான் அவர் இப்போது பிடித்து வைத்திருக்கிறார்.

அவரிடம் போயிருந்தால் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கின் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கோ. போன மாதங்களுக்கு என்ன எண் போட்டிருக்கிறார் என்று நீங்களே திறந்து பாருங்கோ. பிழை என்றால் அவர்கள் கண்டுபிடிக்க முதல் நீங்களே அறிவியுங்கோ. ஆங்கிலம் கஷ்டம் என்றால் எனக்கு எழுதுங்கோ, ஆலோசனை நிலையத்துக்கு நான் கூட வாறன்.