இந்த மாதம் படித்த மூன்று ஜப்பான் கொலைக் கதைகள்

ஜப்பானில் ஃபுகுவோகாவை ஒட்டி காஷீ என்று ஒரு கடற்கரை. ஜனவரி மாதக் குளிரில் ஒரு காலை, அங்கே பாறைகளின் மேல் ஓர் ஆணும் பெண்ணும் அருகருகே செத்துக் கிடக்கிறார்கள். சயனைடு கலந்த ஜூஸ் குடித்திருக்கிறார்கள். பார்த்தவுடனே எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள், காதல் ஜோடி, சேர்ந்து விஷம் குடித்துவிட்டது, கேஸ் முடிந்தது என்று. டோரிகாய் என்ற வயதான போலீஸ்காரருக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. செத்தவனின் பாக்கெட்டில் ஒரு ரசீது இருக்கிறது, ரயிலின் உணவகப் பெட்டியில் கொடுத்தது. அதில் ஒரு நபர் என்று போட்டிருக்கிறது.

சேர்ந்து சாகக் கிளம்பிய இரண்டு பேரில் ஒருவன் மட்டும் எப்படி எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான்? பசிக்கவில்லை என்றாலும் அவள் கூடப் போய் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டாளா? அந்த மனிதர் இதை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கேட்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ரத்தம் இல்லை, துரத்தல் இல்லை, ஒரு சாப்பாட்டு ரசீதை வைத்து ஒரு மரணத்தையே திருப்பிப் போட்டுவிட்டார்.

செய்சோ மட்சுமோட்டோவின் 'புள்ளிகளும் கோடுகளும்' நாவல் இது. 1957இல் ஒரு பயணப் பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்து, 1958இல் புத்தகமானது. 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் ஜெஸ்ஸி கர்க்வுட்டின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு 2022இல் வந்தது, நான் படித்தது அதைத்தான். மெல்லிய புத்தகம், இரண்டு ராத்திரியில் முடிந்துவிடும். நான் நான்கு ராத்திரி எடுத்துக்கொண்டேன், காரணம் ரயில் நேரங்கள்.

கதையின் முடிச்சு டோக்கியோ ஸ்டேஷனில் இருக்கிறது. செத்த இருவரும் 15ஆம் பிளாட்பாரத்தில் அசாகாசே எக்ஸ்பிரஸில் ஒன்றாக ஏறியதை 13ஆம் பிளாட்பாரத்தில் நின்ற மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். அசாகாசே மாலை 5.49க்கு வந்து நின்று 6.30க்குக் கிளம்பும். அவ்வளவு நேரம் நிற்கிற வண்டியைப் பார்ப்பதில் என்ன அதிசயம் என்று தோன்றும். டோக்கியோவிலிருந்து விசாரிக்க வரும் மிஹாரா நேரில் போய் நின்று பார்க்கும்போதுதான் தெரிகிறது, நடுவில் இருக்கும் பாதைகளில் ஒரு வண்டி போனால் இன்னொன்று வந்துவிடுகிறது. 13லிருந்து பார்த்தால் 15 மறைக்காமல் தெரிவது 5.57 முதல் 6.01 வரை, நான்கே நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் சரியாக அங்கே நின்றது தற்செயலா? இதற்கு மேல் சொன்னால் பாவம்.

அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இடத்தை அவரிடம் சொன்னேன். கதை என்ன, கொலைகாரன் யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நடு லைன்ல நிக்கறது லோக்கலா, கூட்ஸா?" என்றார். அடுத்த ஞாயிறு ஒரு சொந்தக்காரரை வண்டி ஏற்றிவிட திருச்சி ஜங்ஷன் போனபோது இருவரும் முதல் பிளாட்பாரத்தில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தோம். வாழ்நாளில் எத்தனை முறை அங்கே நின்றிருக்கிறேன், எதிர்ப்பக்கம் எவ்வளவு நேரம் தெரிகிறது, எவ்வளவு நேரம் மறைகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. ஒரு கூட்ஸ் வந்து நின்றால் அவ்வளவுதான், அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் நமக்குத் தெரியாது. மட்சுமோட்டோ இதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும், மேஜையில் உட்கார்ந்து யோசித்தால் வருகிற விஷயம் இல்லை.

குறையும் இருக்கிறது. இந்தக் காலத்தில் படிக்கிற நமக்கு முதலிலேயே தோன்றிவிடும் ஒரு சந்தேகம் மிஹாராவுக்குத் தோன்றப் பல அத்தியாயம் ஆகிறது. நான் புத்தகத்தைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன், ஐயா அதைக் கொஞ்சம் விசாரிக்கக் கூடாதா என்று. அப்புறம் கடைசியில் எல்லா விளக்கமும் ஒரு நீளமான கடிதத்தில் வந்து கொட்டுகிறது, அதுவரை நம்மை ஊர் ஊராக நடத்திக் கூட்டிக்கொண்டு போனவர் அங்கே அவசரப்பட்டுவிட்டார் என்றே எனக்குப் பட்டது. ஆனாலும் இதைத்தான் மூன்றில் முதலில் வைப்பேன். செத்தவன் ஒரு அமைச்சகத்தில் சாதாரண நடுமட்ட அதிகாரி, அங்கே லஞ்ச ஊழல் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, அவன் செத்ததால் மேலே இருப்பவர்களுக்கு மூச்சு வந்துவிடுகிறது. இது எந்த ஊர்க் கதை என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மட்சுமோட்டோ ஏழை வீட்டுப் பிள்ளை, தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க வழியில்லாமல் வேலைக்குப் போனவர், அசாஹி பத்திரிகையில் விளம்பரப் பிரிவில் இருந்துவிட்டு நாற்பதைத் தாண்டித்தான் எழுத வந்தார். கீழே இருக்கிறவன் தலையில் எல்லாம் எப்படி வந்து விடிகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, கெய்கோ ஹிகாஷினோவின் 'சந்தேக நபர் எக்ஸின் பக்தி'. 2005இல் வந்த நாவல், நவோகி பரிசு வாங்கியது, அலெக்சாண்டர் ஓ. ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் வந்தது. 2023இல் கரீனா கபூர் நடித்து ஹிந்திப் படமாகவும் வந்துவிட்டதால் கதை பலருக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதவர்கள் படத்தைப் பார்க்கும் முன்னால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

இதில் யார் கொன்றது, எதற்காக என்று முதல் அத்தியாயத்திலேயே நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது. யசுகோ பெந்தோ கடையில் வேலை பார்க்கிறாள், மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுக்கிற கடை. விவாகரத்தான முன்னாள் கணவன் பணம் கேட்டு வந்து தொல்லை கொடுக்கிறான், அம்மாவும் மகளும் சேர்ந்த கைகலப்பில் செத்துப் போகிறான். பக்கத்து வீட்டில் இஷிகாமி, பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், தினமும் அந்தக் கடையில் சாப்பாடு வாங்கிப் போகிறவர். சத்தம் கேட்டுக் கதவைத் தட்டுகிறார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை. இனி கதையில் என்ன மிச்சம் என்று நினைத்துக்கொண்டேதான் நான் இருநூறு பக்கம் தாண்டினேன். மிச்சம் இருந்தது.

இஷிகாமி ஓரிடத்தில் தான் பரீட்சைக்குக் கேள்வி தயாரிக்கும் விதத்தைச் சொல்லுவார். பார்த்தால் வடிவியல் கணக்கு மாதிரி இருக்கும், உண்மையில் அது இயற்கணிதம். பையன்கள் வழக்கமான வழியில் போய் மாட்டிக்கொள்வார்கள். நாவல் முழுக்க நானும் அந்தப் பையன்களில் ஒருத்திதான். போலீஸ் எதைத் தேடியதோ அதையே நானும் தேடிக்கொண்டிருந்தேன். கடைசி முப்பது பக்கத்தில் உண்மை தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது, புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி புரட்டினேன். ஆற்றங்கரையில் வீடில்லாதவர்கள் கூடாரம் போட்டிருக்கும் இடம் ஒன்று ஆரம்பத்திலேயே வருகிறது, இஷிகாமி வேலைக்குப் போகிற வழியில் அவர்களைத் தாண்டி நடப்பார். இரண்டாம் முறை அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை.

சாட்சியைக் குழப்பித் தப்பிக்கிற கதை என்றதும் நம் ஆட்கள் எல்லோரும் 'பாபநாசம்' என்பார்கள். நானும் அந்த நினைப்போடுதான் படிக்க ஆரம்பித்தேன். சுயம்புலிங்கம் தன் குடும்பத்துக்காகச் செய்கிறான், அவன் பக்கம் நிற்பது நமக்கு எளிது. இஷிகாமியின் பக்கம் நிற்பதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை. அவர் காட்டுவது அன்புதான், ஆனால் அந்த அன்புக்கு விலை கொடுத்தது வேறு யாரோ.

ஹிகாஷினோவிடம் ஒரு வருத்தம், யசுகோ. இவ்வளவும் அவளைச் சுற்றி நடக்கிறது, அவள் என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் மங்கலாகவே இருக்கிறது. போலீஸுக்கு உதவும் கல்லூரிப் பேராசிரியர் யுகாவாவும் இஷிகாமியும் பேசும் காட்சிகளுக்குக் கொடுத்த உயிரில் பாதியை அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது செய்ஷி யோகோமிசோவின் 'ஹோன்ஜின் கொலைகள்'. 1946இல் தொடராக வந்தது. 1937இல் ஒகயாமா பக்கத்து கிராமத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாண ராத்திரி, உள்ளே பூட்டிய அறையில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார்கள், வெளியே பனியில் ஒரு வாள் குத்தி நிற்கிறது, காலடித் தடம் இல்லை. நடுராத்திரியில் கோட்டோ என்ற தந்தி வாத்தியத்தின் சத்தம் வேறு. சூழல் பிரமாதம். தலையைச் சொறிந்துகொண்டு கசங்கிய உடையில் வரும் துப்பறிவாளர் கிண்டாய்ச்சியை எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் கொலை நடந்த விதத்தை விளக்கும்போது நான் இரண்டு முறை படித்தும் கயிறும் கம்பியுமாகத்தான் தெரிந்தது. கொலைக்கான காரணத்தைக் கேட்டபோதோ கோபம் வந்தது. ஒரு பெண் கல்யாணத்துக்கு முன் எப்படி இருந்தாள் என்று அளந்து பார்க்கிற அந்தப் பழைய பெரிய வீட்டுப் புத்தி, நம்மூரில் இன்னும் சாகவில்லை என்பதால் வந்த கோபம் அது. புதிர் பிரியர்கள் படிக்கலாம், மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஜப்பான் பெயர்கள் முதல் ஐம்பது பக்கம் குழப்பும், மிஹாரா யார், சயாமா யார் என்று திரும்பிப் போக வேண்டியிருக்கும். நான் புத்தகத்துக்குள் வைக்கும் அட்டையில் பெயரையும் பக்கத்தில் 'பழைய போலீஸ்', 'மெஷின் வியாபாரி' என்று இரண்டு வார்த்தையும் எழுதி வைத்துக்கொண்டேன், அதற்கப்புறம் தொல்லையில்லை. இன்னொன்று, எனக்கு ஆன்லைனில் வந்த ஒரு பிரதியில் நடுவே சில பக்கங்கள் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தன. துப்பறியும் நாவலில் சரியான பக்கத்தைத் தேடிப் புரட்டும்போது முடிவு கண்ணில் பட்டுவிட்டால் காசு போனது போனதுதான். வந்தவுடன் படிக்காமல் பக்க எண்களை மட்டும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களை ஹிகாஷினோவைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன், ஆட்கள் குறைவு, வேகமாக ஓடும். மட்சுமோட்டோவை ஒரு நீண்ட ரயில் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் பிரதி இப்போது அப்பாவிடம் இருக்கிறது. ஆங்கில நாவல் படிக்கிற வழக்கமே இல்லாதவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கத்தில் ஒரு நோட்டில் அசாகாசேயின் வண்டி நேரங்களை எழுதிக்கொண்டிருக்கிறார்.