திருச்சி ரெக்கார்டிங் சென்டரிலிருந்து வந்த டெக்னிக்ஸ்

அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. எண்பது எல்.பி. (பெரிய தட்டு), நாற்பது சொச்சம் இ.பி. (சின்னத் தட்டு). அவற்றைக் கேட்க ஒரு டர்ன்டேபிள், அதாவது தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் இயந்திரம் வேண்டும். கையில் இருந்தது 20,000 ரூபாய். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம், அதற்கு மேல் எடுக்க வழியில்லை.

இந்தக் காசுக்குப் புதிதாகத் தேடினால் முதலில் கண்ணில் படுவது சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிப்போகும் பிளேயர்கள். நண்பர் வீட்டில் ஒன்றைக் கேட்டேன். ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் இருந்து அதிர்கிறது. முள் ரெக்கார்டை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கூட்டிக் குறைக்க வழியே கிடையாது. அப்பாவின் தட்டுகளை அதில் வைக்க மனம் வரவில்லை. பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன்களையும் காட்டினார்கள். பழையது என்று விற்கப்படும் அவற்றில் பெரும்பாலானவை இப்போது பொருத்தி எடுப்பவைதான். அசலே கிடைத்தாலும் அது 78 சுற்று அரக்குத் தட்டுக்கானது. அந்த இரும்பு முள்ளை எல்.பி. மேல் வைத்தால் ரெக்கார்டு ஒரே தடவையில் பாழ்.

மூன்று மாதம் கழித்து, திருச்சியில் ஒருவரிடம் டெக்னிக்ஸ் என்ற ஜப்பான் கம்பெனியின் எஸ்.எல்.-டி2 டர்ன்டேபிள் இருப்பதாகத் தகவல் வந்தது. தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

அந்த ஐயாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், எல்.பி.யிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிடக் கேசட்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டு. இரண்டு மூன்று நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். நானும் அப்படிக் கடை வாசலில் காத்து நின்றவன்தான். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த இயந்திரம் இது. அங்கேயும் 230 வோல்ட் என்பதால் நம் பிளக்கில் நேராகச் செருகலாம். ஜப்பானிலேயே விற்ற மாடல் என்றால் 100 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் கருகிவிடும். பழைய ஜப்பான் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் பின்பக்க ஸ்டிக்கரில் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நாள் முழுக்க ஓடிய கடை இயந்திரத்தை வாங்கலாமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஐயா மூடியைத் திறந்து அதன் உள்பக்க மூலையைக் காட்டினார். மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயின்ட் பேனாவில் தேதிகள் எழுதியிருந்தார். முள் மாற்றிய தேதிகள். ஒன்பது வரி. கடைசி வரி 11-3-96. "முள்ளு மட்டும் மாத்திக்கங்க தம்பி. மோட்டார்ல நான் கையே வச்சதில்ல" என்றார். அந்த ஒன்பது வரியைப் பார்த்ததும் என் தயக்கம் போய்விட்டது.

இது டைரக்ட் டிரைவ். நடுவில் ரப்பர் பெல்ட் கிடையாது, ரெக்கார்டு உட்காரும் தட்டை மோட்டாரே நேராகச் சுழற்றுகிறது. இந்த முறையில் 1970-இல் எஸ்.பி.-10 என்ற மாடலைக் கொண்டுவந்து வழிகாட்டியது டெக்னிக்ஸ்தான். டி.ஜே.க்கள் கொண்டாடும் எஸ்.எல்.-1200 அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. அதன் விலை நம் கைக்கு எட்டாது. டி2 அதே குடும்பத்தில் எளிய பிள்ளை. வேகத்தைப் பூட்டி வைக்கும் குவார்ட்ஸ் இல்லை, 33, 45 என இரண்டே வேகம். ரெக்கார்டு முடிந்ததும் முள்ளைத் தாங்கும் கை, அதாவது டோன்ஆர்ம், தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் ஊர் வெயிலில் முப்பது நாற்பது வருடம் கிடந்த பெல்ட் தளர்ந்தோ விறைத்தோ போயிருக்கும். அந்தக் கவலை இதில் இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

அங்கேயே பார்த்தவை: வெறும் தட்டைச் சுழலவிட்டுக் காதை அருகே வைத்தேன், உரசல் சத்தம் இல்லை. முள்பக்கத்துக்கும் பின்பக்க எடைக்கும் சமன் செய்து டோன்ஆர்மை அந்தரத்தில் மிதக்கவிட்டு மெல்ல ஊதினேன். எங்கும் தட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. டோன்ஆர்மின் பேரிங் கெட்டிருந்தால் வாங்காமல் திரும்பியிருப்பேன், அதைச் சரிசெய்யத் தஞ்சாவூரில் ஆள் கிடையாது. குறைகளும் தெரிந்தன. மூடியின் ஒரு கீல் விரிந்திருந்தது. வேகக் குமிழைத் தொட்டால் சுருதி ஆடியது. டோன்ஆர்மை இறக்கும் நெம்புகோலைத் தள்ளினால் மெதுவாக இறங்காமல் தொப்பென்று விழுந்தது. எல்லாம் வயசுக் கோளாறு. பன்னிரண்டாயிரம் கேட்டார், ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்தார். தட்டையும் எடையையும் கழற்றித் துண்டில் சுற்றி, டோன்ஆர்மை நூலால் கட்டி, மடியில் வைத்தே பஸ்ஸில் வந்தேன்.

வேகக் குமிழுக்கு மருந்து எளிது. கான்டாக்ட் கிளீனரை அதன் அடியில் லேசாக அடித்து முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினேன். ஆட்டம் நின்றது. நெம்புகோலுக்குள் இருந்த சிலிகான் எண்ணெய் வற்றியிருந்தது. ரேடியோ மெக்கானிக் ஒருவர் கெட்டியான சிலிகான் எண்ணெய் விட்டுக் கொடுத்தார், 500 ரூபாய்.

முள் விஷயத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. தேய்ந்த முள் உளி மாதிரி ரெக்கார்டின் பள்ளத்தைச் செதுக்கிவிடும், அப்புறம் எந்த முள்ளாலும் அந்தப் பாட்டை மீட்க முடியாது. ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்ற, முள்ளோடு வரும் காட்ரிட்ஜை வாங்கினேன், 5,200 ரூபாய். டோன்ஆர்ம் நுனியில் இருக்கும் ஹெட்ஷெல்லின் நான்கு மெல்லிய கம்பிகளை அதில் மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை. புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக. முள் சவ்வரிசியில் ஒட்டிய துரும்பு அளவுதான், மூச்சை அடக்கிக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

பிறகு எடை. டோன்ஆர்ம் தராசுக்கோல் மாதிரி மட்டமாக நிற்கும்வரை பின்பக்க எடையைத் திருகி, அந்த இடத்தில் எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எடையோடு சேர்த்து 2 வரை திருப்ப வேண்டும். இந்தக் காட்ரிட்ஜுக்கு 2 கிராம்தான் கணக்கு. முள் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங்கும் 2. சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தேன். 1.98. நாற்பது வருடத்து வளையம் இவ்வளவு சரியாகச் சொல்லும் என்று நான் நினைக்கவில்லை.

என் ஆம்ப்ளிஃபயரில் டர்ன்டேபிளுக்கான போனோ உள்ளீடு இல்லை, அதனால் 2,400-க்குத் தனியாக ஒரு போனோ பிரீஆம்ப். இதை மறந்துவிட்டுப் பட்ஜெட் போடுகிறவர்கள் நிறைய. முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். நேராக ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலத்தான் கேட்கும், பேஸும் இருக்காது. எர்த் கம்பியை மாட்டாமல் விட்டு முதல் நாள் ம்ம்ம் என்று இரைச்சல். மாட்டியதும் அடங்கியது.

தராசு 600, கிளீனர் 250 எல்லாம் சேர்த்து 17,950 ரூபாய்.

சத்தம் எப்படி? எக்கோ லேபிளில் வந்த இளையராஜா எல்.பி. ஒன்றை முதலில் வைத்தேன். சொட்டுச் சோப்பு கலந்த டிஸ்டில்டு வாட்டரில், பள்ளம் போகும் திசையிலேயே துடைத்துக் காயவைத்தது. பேஸ் கிதார் தனியாக எழுந்து நடந்தது. போனில் நூறு தடவை கேட்ட பாட்டுதான், ஆனால் பல்லவி முடியும் இடத்தில் அந்தக் கிதார் ஒரு படி கீழே இறங்குவதை இப்போதுதான் கேட்கிறேன். வயலின்கள் இடப்பக்கம் ஒன்றாக வந்து அமர்ந்தன. லேபிளுக்குப் பக்கத்தில் வரும் கடைசிப் பாட்டில் மட்டும் "ச", "ஸ" எழுத்துகள் கொஞ்சம் சீறுகின்றன. அப்பா அந்தப் பாட்டைத்தான் அதிகம் போடுவார், பள்ளம் தேய்ந்திருக்கிறது. அதற்கு இயந்திரத்தைச் சொல்ல முடியாது.

அடிப்பெட்டி கனமானதல்ல. மர ஷெல்ஃபில் வைத்தபோது பக்கத்தில் நடந்தாலே ஸ்பீக்கரில் தும் தும் என்றது. சுவரோடு பதித்த கடப்பைக் கல் பலகைக்கு மாற்றிய பிறகு சரி. கீல் இன்னும் கிடைக்கவில்லை, கேட்கும்போது மூடியைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

இந்த முள்ளுக்கு ஆயுள் சுமார் 300 மணி நேரம்; தினமும் ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்தால் பத்து மாதம் வரும். பிளாஸ்திரியில் இடம் இல்லை. அதற்குக் கீழே புதிதாக ஒன்று ஒட்டி, பத்தாவது வரியாக மாற்றிய தேதியை எழுதினேன்.