ட்ரிப்பர் விழுந்தால் பெரிய ட்ரிப்பர் மாட்ட விடாதீர்கள்

திருச்சி உறையூரில் இருக்கிறோம். 2009-இல் கட்டிய வீடு. மார்கழி பிறந்து கீசர் போட ஆரம்பித்த வாரத்தில், ஹாலில் கருவாடு வறுக்கிற மாதிரி ஒரு வாடை. பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்றார்கள் அத்தை. நானும் அப்படித்தான் நினைத்தேன். கீசர் போட்ட பத்தாவது நிமிடம் டிபி பாக்ஸில் (வீட்டு சுவிட்ச்சுகளுக்கெல்லாம் கரண்ட் பிரிந்து போகிற பெட்டி) அதன் ட்ரிப்பர் விழும், அதாவது கரண்ட் அதிகமானால் தானாக நிறுத்துகிற விசை. கொஞ்ச நேரத்தில் வாடையும் போய்விடும். இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்று புரியவே நான்கு நாள் ஆகிவிட்டது. சுவிட்ச், ட்ரிப்பர் இவற்றில் இருக்கும் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் கவிச்சி போலத்தான் வாடை வருமாம். ரப்பர் எரிகிற நாற்றம் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உங்கள் வீட்டில் காரணமே இல்லாமல் மீன் வாடை அடித்தால், முதலில் டிபி பாக்ஸ் பக்கம் போய் மோந்து பாருங்கள்.

தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் நம்பர் வாங்கி ஒருவரை அழைத்தேன். வந்து பாக்ஸைத் திறந்தார், ஐந்து நிமிடம் பார்த்தார். “அக்கா, ஓவர் லோடு. 16 ஆம்பியர் தாங்கலை. 32 போட்டா விழவே விழாது. வயரும் பழசு, நாலு ஸ்கொயர் வயர் இழுத்துடலாம்” என்றார். ஸ்கொயர் என்பது வயர் தடிமனின் கணக்கு, எண் கூடினால் வயர் தடிமன். வயரை மாற்றுவதால் பயமில்லை என்று தோன்றியது. முழு காயிலாகத்தான் கடையில் தருவார்கள் என்று சொல்லி 90 மீட்டர் காயில் ஒன்றுக்குக் காசு வாங்கினார். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய், ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, “கடைக்காரர்கிட்ட வாங்கித் தர்றேன்கா” என்றார். மிச்ச காயிலைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

வேலை நடக்கும்போது ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் நிறுத்துகிற விசை, மூன்று முறை விழுந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். “அது சும்மா சும்மா விழும்கா, சரி பண்ணிட்டேன்” என்றார். அந்த இடத்தில் நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

பதினெட்டு நாள் எதுவும் விழவில்லை. பத்தொன்பதாம் நாள் விடியற்காலை, பையனைப் பள்ளிக்கு அனுப்ப கீசர் போட்டிருந்தேன். பாத்ரூம் வாசலுக்கு மேலே, கூரையை ஒட்டியிருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் சட்சட்டென்று சத்தம். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி. அதே கருவாட்டு வாடை, இந்த முறை தொண்டையில் காறியது. ஸ்டூல் போட்டு ஏறிச் சுவரில் புறங்கையை வைத்தேன், வைக்க முடியவில்லை. வெள்ளைப் பெயிண்ட் அந்த மூடியைச் சுற்றி டீக்கறை நிறத்துக்கு மாறியிருந்தது.

ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அத்தையையும் பையனையும் வாசலுக்கு அனுப்பினேன். தண்ணீர் எடுக்க ஓடிய அத்தையைத் தடுத்ததுதான் அன்று நான் செய்த நல்ல காரியம். கரண்ட் இருக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. புகை நிற்கவில்லை என்றால் 101-க்கு அழைக்கலாம் என்று போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். நல்லவேளை, நின்றுவிட்டது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு அழைத்துச் சொன்னதும் லைன்மேன் வந்து சர்வீஸ் ஃபியூஸைப் பிடுங்கிக் கொடுத்தார். மீட்டர் வரைதான் அவர்கள் பொறுப்பு, அதற்கு உள்ளே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் கணவரின் அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, வயர்மேன் தகுதிச் சான்றிதழ் உள்ள பெரியவர் ஒருவர் மதியம் வந்தார். தமிழ்நாடு மின் உரிம வாரியம் தருகிற சான்றிதழ் அது. கேட்டதும் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார். ஜங்ஷன் பாக்ஸ் மூடியைக் கழற்றியதும் கருகிய டேப் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே இழுத்ததாகச் சொன்ன நாலு ஸ்கொயர் வயர், டிபி பாக்ஸில் ஒரு முழம், இங்கே ஒரு முழம், அவ்வளவுதான். நடுவில் பழைய இரண்டரை ஸ்கொயர் வயரேதான். புதுசையும் பழசையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. கனெக்டர் கிடையாது. முறுக்கிய இடம் தளர்ந்து, தினமும் கீசர் ஓடுகிற அரை மணி நேரமும் அங்கே வெந்திருக்கிறது.

கழற்றிப் போட்ட பழைய ட்ரிப்பர் பரணில் இருந்தது. அதைக் கையில் எடுத்த பெரியவர், “ஏம்மா, இதைப் பாருங்க” என்று திருப்பிக் காட்டினார். கீழ்ப் பக்கம் திருகு இருக்கும் இடம் மட்டும் உருகிக் கறுத்திருந்தது. எங்கள் கீசர் 2000 வாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 9 ஆம்பியர்கூட வராது. 9 இழுப்பதற்கு 16 ஏன் விழ வேண்டும்? திருகு தளர்ந்து அந்த இடம் சூடேறி, அந்தச் சூட்டில்தான் ட்ரிப்பர் விழுந்திருக்கிறது. கருகிய வயர் நுனியை வெட்டிவிட்டு, புது 16 ஒன்றை மாட்டித் திருகை இறுக்கியிருந்தால் அரை மணி நேர வேலை.

அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது இதுதான்: ட்ரிப்பர் கீசரைக் காப்பாற்ற இல்லை, சுவருக்குள் ஓடுகிற வயரைக் காப்பாற்ற. வயர் தாங்குவதைவிடப் பெரிய ட்ரிப்பரைப் போட்டால், ட்ரிப்பர் சும்மா இருக்கும், வயர் வேகும். ஓடுகிற கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ட்ரிப்பரை விட்டுத் தள்ளி, ஜங்ஷன் பாக்ஸில் தளர்ந்த முறுக்கில் வரும் சூட்டை இந்த மாதிரி ட்ரிப்பர் கண்டுபிடிக்காது என்பதையும் அவரே சொன்னார். அதனால்தான் ஜாயிண்ட் சுத்தமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஆர்சிசிபி. அதில் ‘டி’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஃபியூஸ் திரும்ப வந்ததும் மெயினைப் போட்டு, ஹாலில் ஃபேனை ஓடவிட்டு, என்னையே அமுக்கச் சொன்னார். விசை டக்கென்று விழுந்தது. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போகிற வயர்களை அதற்குள் போகவிடாமல், மெயினிலிருந்து வரும் வயரோடு நேராகச் சேர்த்திருந்தார் முதலில் வந்தவர். கீசர் எலிமெண்டில் கரண்ட் கசிவு இருந்ததால்தான் அது அன்று விழுந்திருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நிறுத்தி உயிரைக் காப்பாற்றத்தான் அதை வைப்பதே. பதினெட்டு நாள் என் பையன் அந்தக் கீசர் தண்ணீரில் குளித்திருக்கிறான். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

முதலில் வந்தவருக்குப் போன் செய்தேன். “நான் போட்டது நல்லாத்தான் இருந்துச்சு, வேற யாரோ கை வெச்சிருக்காங்க” என்றார். அதற்குப் பிறகு எடுப்பதில்லை. பில் இல்லை. ஆனாலும் ஜிபே ரசீது இருக்கிறது, கருகிய முறுக்கைக் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அங்கேயும் போகப் போகிறேன்.

அதே ஆள் எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் வேலை பார்த்திருக்கிறார். நேற்று மாலை எதிர்வீட்டு அம்மாவுடன் போய் அவர்கள் ஆர்சிசிபி பொத்தானை அமுக்கிப் பார்த்தோம். விசை விழுந்தது. ஃபேன் நிற்கவில்லை. பெரியவர் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே வருகிறார். அதுவரை மெயினை இறக்கிவிட்டு எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள்.