வண்டி மாடிஃபிகேஷனுக்கு ஆட்-ஆன் கவர்: டோட்டல் லாஸ் ஆனால் கைக்கு எவ்வளவு வரும்?

அலாய் வீல், காயில்ஓவர் சஸ்பென்ஷன், பெரிய பிரேக், ஆடியோ, எக்ஸாஸ்ட் என்று வண்டியில் போட்ட பணத்துக்கெல்லாம் பாதுகாப்பு என்று சொல்லி, வண்டி இன்ஷூரன்ஸ் பாலிசியோடு கூடுதலாக விற்கிற ஆட்-ஆன் கவரின் மதிப்பீடு இது. இடித்து நசுங்கிய பம்பரை வைத்து இந்தக் கவரை எடைபோட முடியாது. வண்டி ஒரேயடியாகப் போய், சரிசெய்யக் கட்டுப்படியாகாத டோட்டல் லாஸ் ஆன அன்றைக்குத்தான் இதன் லட்சணம் தெரியும்.

ஆட்-ஆன் இல்லாத சாதாரண பாலிசி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலான நாடுகளில் விபத்துக்குச் சற்று முன்பு வண்டிக்கு இருந்த சந்தை விலைதான் அடிப்படை. அதே மாடல், அதே வருடம், அதே வேரியன்ட், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்ப்பார்கள். அப்படி ஒப்பிடுகிற வண்டிகள் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பவை. அதனால் மாடிஃபிகேஷனுக்கு நீங்கள் 40 ரூபாய் போட்டிருந்தால் வண்டி விலையில் 2, 3 ரூபாய் ஏறினாலே பெரிய விஷயம். தாழ்த்திய சஸ்பென்ஷனும் சத்தமான எக்ஸாஸ்ட்டும் வாங்க ஆளைக் குறைப்பதால் விலையை இறக்கக்கூட வாய்ப்புண்டு. இந்தியாவில் வழி வேறு: தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானம் கழித்து ஐடிவி, அதாவது வண்டிக்குக் காப்பீடு செய்த மதிப்பை, நிர்ணயிக்கிறார்கள். அங்கேயும் பிறகு மாட்டிய பொருளைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

இனி ஆட்-ஆன். இது பில்லில் உள்ள தொகையைத் திருப்பித் தருகிற கவர் இல்லை. பொருளின் தேய்மானம் போன மதிப்பு, அதை மாற்ற ஆகும் செலவு, பாலிசியில் எழுதிய உச்சவரம்பு, இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் வழக்கமாகக் கிடைக்கும்.

கணக்கு இப்படிப் போகும். வண்டியின் சந்தை விலை 100, மாடிஃபிகேஷன் செலவு 40, ஆட்-ஆன் வரம்பு 25, தேய்மானம் 30 சதவீதம், உங்கள் பங்காகக் கழிக்கும் டிடக்டிபிள் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் போக 40 என்பது 28 ஆகும், வரம்பு அதை 25-இல் நிறுத்தும். ஆக 125-இல் 5 போக 120. ஆட்-ஆன் இல்லையென்றால் 95. அந்த 40-இல் 8 பொருத்துக்கூலியாக இருந்து, பாலிசி கூலியைச் சேர்க்காது என்றால், 32-க்குத்தான் தேய்மானம் போடுவார்கள். 22.4 வரும். பிரீமியம் கட்டியது 25-க்கு, ஆனால் அந்த வரம்பை எட்டவே போவதில்லை. ராப் (வண்டிமேல் ஒட்டும் ஃபிலிம்), பெயின்ட், கஸ்டம் வயரிங் போன்றவற்றில் செலவின் பெரும்பகுதி கூலிதான். ஆகவே கூலி உண்டா, ஆட்-ஆனுக்குத் தனி டிடக்டிபிள் உண்டா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

மாடிஃபிகேஷன் செலவு வண்டி விலையில் கால்பங்கைத் தாண்டினால் ஆட்-ஆனை விட்டுவிட்டு ஒப்புக்கொண்ட மதிப்பு பாலிசியைப் பார்ப்பதே சரி என்பது எங்கள் கருத்து. இரு தரப்பும் முன்கூட்டியே 140 என்று கையெழுத்திட்டால் டோட்டல் லாஸில் 140-இல் டிடக்டிபிள் போக மீதி வரும், சந்தை விலை பற்றிய பேச்சே இல்லை. ஆனால் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான், மூடிய கராஜில்தான் நிறுத்த வேண்டும், தினசரி ஓட்டத்துக்கு வேறு வண்டி இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். தினமும் வேலைக்கு எடுத்துப் போகிற வண்டிக்குப் பெரும்பாலும் இது கிடைக்காது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று அமெரிக்காவில் விற்கும் ‘ஸ்டேட்டட் வேல்யூ’ பாலிசி. நீங்கள் சொன்ன தொகை, சந்தை விலை இரண்டில் குறைந்ததைத் தருவதுதான் அதன் வழக்கமான விதி. 140 என்று எழுதிக்கொடுத்து, அதற்குத் தக்க பிரீமியமும் கட்டி, கடைசியில் 100 வாங்கிப் போகலாம். பெயர் ஒத்துப்போவதால் ஏமாறுகிறவர்கள் நிறைய.

எதை வாங்கினாலும் மாட்டிய பொருள்களின் அட்டவணைதான் உயிர். ‘ஆக்சஸரிகள்: மொத்தம் 25’ என்று ஒரே வரி இருந்தால், நஷ்டத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழிக்க இடம் கிடைக்கும். பொருள், பார்ட் நம்பர், விலை, பொருத்திய தேதி எல்லாம் வரிவரியாக எண்டார்ஸ்மென்ட்டில் (பாலிசியோடு சேர்க்கும் இணைப்புத் தாளில்) ஏற வேண்டும். பில்லில் சேசிஸ் நம்பரை எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த வீல் இந்த வண்டியில்தான் இருந்தது என்று நிரூபிப்பது கஷ்டம். நம்பர் பிளேட்டும் பொருளும் ஒரே ஃபிரேமில் வருகிற போட்டோ, ஹெட் யூனிட்டின் (டாஷ்போர்டு ஆடியோ கருவியின்) சீரியல் நம்பர், டயரின் பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புத் தேதி எல்லாவற்றையும் வண்டிக்கு வெளியே சேமித்து வையுங்கள். டாஷ்போர்டு டிராயரில் வைத்த பில் வண்டியோடு சேர்ந்து எரியும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் விட்ட மாற்றம் இன்னும் ஆபத்து. ஈசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) கண்ணுக்குத் தெரியாதே என்று நினைக்க வேண்டாம். மாற்றிய டவுன்பைப்பை (டர்போவிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் குழாயை) பார்த்தாலே சர்வேயர் மென்பொருளையும் சோதிக்கச் சொல்லலாம். பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கவனக்குறைவாகச் சொல்லாமல் விட்டு, சொல்லியிருந்தால் பிரீமியம் கூடியிருக்கும் என்றால், கட்டிய பிரீமியத்தின் விகிதத்துக்குக் கிளெய்மைக் குறைக்கலாம். கட்ட வேண்டியது 100, கட்டியது 60 என்றால் 60 சதவீதம். தெரிந்தே மறைத்தால் பாலிசியையே ரத்து செய்யலாம். மற்ற நாடுகளில் சட்டம் வேறுபடலாம், ஆனால் மறைத்தவருக்குச் சாதகமாக இருப்பது அரிது.

விபத்துக்குப் பிறகு அவசரப்பட்டு வீலைக் கழற்றாதீர்கள். பழைய ஒரிஜினல் பாகங்கள் கையில் இருந்தால், அவற்றை மாட்டிவிட்டு நம்முடையதை எடுத்துக்கொள்ள பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சம்மதிக்கும். செட்டில்மென்ட்டில் கையெழுத்துப் போடும் முன்பே, எழுத்தில் அனுமதி வாங்கி, சர்வேயர் போட்டோ எடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். எடுத்த பாகத்துக்குப் பணமும் கேட்க முடியாது. அதனால் தேய்மானமும் வரம்பும் போக நிற்கிற தொகையையும் செகண்ட்ஹேண்டில் கிடைக்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். வண்டிக்கு லோன் இருந்தால் செட்டில்மென்ட் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும்.

தொகை குறைவு என்று தோன்றினால் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கி, வேரியன்ட் சரியா, ஒப்பிட்ட வண்டிகள் எவை என்று பாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அமெரிக்க பாலிசிகள் பலவற்றில் உள்ள மதிப்பீட்டு விதியின்படி இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை நியமித்து, ஒத்துப்போகாவிட்டால் நடுவரிடம் போகலாம். நடுவர் கூலியில் பாதி உங்களுடையது. அந்த வழியில் தீர்வது தொகைத் தகராறு மட்டுமே, கவர் உண்டா இல்லையா என்ற கேள்வியை அங்கே எடுத்துப் போக முடியாது.