கார்டிசால் ஆன்டிசீரம், முயல், 3-சிஎம்ஓ வகை: வாங்கலாமா?

கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளக்க, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் கொண்ட முயல் சீரம்தான் இந்த ஆன்டிசீரம். கார்டிசாலின் மூலக்கூறு எடை 362 தான். தனியாக ஊசி போட்டால் முயலின் உடல் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் 3-ஆம் கார்பனில் சிஎம்ஓ (கார்பாக்சிமெத்தில் ஆக்சைம்) என்ற இணைப்புப் பாலம் போட்டு, பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) புரதத்தோடு கோத்துத்தான் இந்த வகைச் சீரத்தைத் தயாரிக்கிறார்கள்.

நல்ல பக்கம்: ஸ்டீராய்டின் ஏ முதல் டி வரையிலான நான்கு வளையங்களில் டி வளையமும் 17-ஆம் இடத்துப் பக்கச்சங்கிலியும் திறந்தே நிற்பதால், டெஸ்டோஸ்டிரோனையும் புரோஜெஸ்டிரோனையும் அழகாகப் பிரித்துவிடுகிறது. ஆனால் பாலம் மறைத்த ஏ வளையத்தில்தான் கோளாறு. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்கும் கார்டிசாலுக்கும் அந்த வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டுமே வித்தியாசம். சீரம் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். பிரெட்னிசோலோன் எடுக்கும் நோயாளிக்கு இதை நம்பி முடிவு சொல்லவே கூடாது. மெட்டிராபோன் (கார்டிசால் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை: அவர்கள் ரத்தத்தில் சேரும் 11-டிஆக்சிகார்டிசால் (கார்டிசாலுக்கு முந்தைய நிலைப் பொருள்), கார்டிசால் அளவைப் பொய்யாக ஏற்றிக்காட்டும்.

எலைசா (நொதியைக் கொண்டு அளக்கும் ஆன்டிபாடிச் சோதனை) அமைக்கும்போது எச்ஆர்பி டிரேசரிலும் (எச்ஆர்பி நொதி கோத்த கார்டிசால்; மாதிரியின் கார்டிசாலோடு ஆன்டிபாடிக்குப் போட்டியிடுவது) அதே சிஎம்ஓ பாலத்தைப் போடாதீர்கள். ஆன்டிபாடிகளில் ஒரு பகுதி பாலத்தையே பிடித்துக்கொள்ளும். மாதிரியில் எவ்வளவு கார்டிசால் இருந்தாலும் டிரேசர் சரியாக விலகாது, அளவீட்டு வளைகோடு தட்டையாகிவிடும். நீளமோ வகையோ மாறிய பாலம் போட்டால் உணர்திறன் கூடும். பிளேட்டில் கார்டிசால்-புரத இணைப்பைப் பூசுகிற முறையென்றால் புரதம் ஓவால்புமினாக (முட்டை வெள்ளைக்கருப் புரதம்) இருக்கட்டும். பிஎஸ்ஏவைப் பூசினால் பிஎஸ்ஏ எதிர்ப்பு ஆன்டிபாடிகளும் வந்து ஒட்டும்.

சீரத்தில் சோடியம் அசைடு (கெடாமல் காக்கச் சேர்ப்பது) கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், அது எச்ஆர்பியைக் கொன்றுவிடும். வந்ததும் சிறு குப்பிகளாகப் பிரித்து -20 டிகிரியில் வையுங்கள். உறைந்து உருகி உறைந்தால் டைட்டர் (சீரத்தை எவ்வளவு நீர்த்தாலும் வேலை செய்யும் என்ற அளவு) இறங்கும்.

வாங்குமுன் கேட்க வேண்டியது டைட்டரை அல்ல, குறுக்கு வினை அட்டவணையை (வேறு பொருட்களைச் சீரம் எவ்வளவு பிடிக்கும் என்ற பட்டியல்). அதில் பிரெட்னிசோலோன் வரிசை இல்லையென்றால் வேறு சீரம் தேடுங்கள்.